ஊருக்குச் சமத்துவம், ஆபீஸுக்கு? பெண்கள், இளைஞர் நல அமைப்புகளின் ‘டீம் ரிட்ரீட்’ எதற்கு, அதை எப்படி நடத்துவது?

ஐ.டி. கம்பெனியில் ‘டீம் அவுட்டிங்’ என்றால் ஒரு பஸ், ஒரு ரிசார்ட், நீச்சல் குளம், ஒரே கலர் டி-ஷர்ட். திங்கட்கிழமை எல்லோரும் பழையபடி லேப்டாப்பைத் திறந்துவிடுவார்கள். அதிலிருந்து யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் ஏமாற்றமும் இல்லை.

பெண் குழந்தைகளின் படிப்பு, குழந்தைத் திருமணத் தடுப்பு, இளைஞர்களுக்கான வேலைவாய்ப்புப் பயிற்சி என இயங்கும் தொண்டு நிறுவனங்களிலும் பல, ஆண்டுக்கு ஒருமுறை ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ கிளம்புகின்றன. அதற்குப் பெயர் ‘டீம் ரிட்ரீட்’. இங்கே விவகாரம் வேறு. ஊர் ஊராகப் போய், ‘பெண்கள் பேச வேண்டும், இளைஞர்கள் முடிவெடுக்க வேண்டும்’ என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இவர்கள். அந்தக் குழுவே ஒரு ஹாலில் வட்டமாக உட்காரும்போது யார் பேசுகிறார்கள், யார் மினிட்ஸ் எழுதுகிறார்கள், டீ வந்ததும் யார் எழுந்துபோய் ஊற்றிக்கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும். சொல்லிக்கொடுப்பதும் நடப்பதும் ஒன்றா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இந்த இரண்டு நாளை நடத்திக்கொடுக்க வெளியிலிருந்து ஒருவரை அழைப்பார்கள். அவர்தான் ‘ஃபெசிலிடேட்டர்’. பாடம் எடுப்பது அவர் வேலை கிடையாது. யார் எப்போது எப்படிப் பேசுவது என்ற ஏற்பாட்டைச் செய்து, குழுவே ஒரு முடிவுக்கு வர உதவுவதுதான் வேலை. கேட்க எளிதாக இருக்கும். சம்பளம் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது அவ்வளவு எளிதில்லை.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

முதல் காரணம் பணம். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜூலை 1-ம் தேதியோடு ‘யு.எஸ்.எய்டு’ செயல்பாடு முடிவுக்கு வந்தது. பல நாடுகளில் பெண்கள், இளைஞர் திட்டங்கள் பாதியில் நின்றன.

இந்தியாவில் நெருக்கடி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவிகிதத்திலிருந்து 20 சதவிகிதமாகக் குறைத்தது. ஒரு அமைப்பு, தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் தடை வந்தது. பெரிய அமைப்புகளிடம் நிதி வாங்கி வேலை செய்துவந்த உள்ளூர்க் குழுக்களுக்கு இது நேரடி அடி.

பணம் சுருங்கினால் ஆள் குறையும். ஆள் குறைந்தால், மூன்று பஞ்சாயத்து பார்த்தவர் ஐந்து பஞ்சாயத்து பார்க்க வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில் 18 பேரை இரண்டு நாள் மலைக்குக் கூட்டிப்போனால், 36 நாள் களவேலை நிற்கும். அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று நிதி தருபவரும் கேட்பார், களப்பணியாளரும் கேட்பார். நியாயமான கேள்வி.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

கார்ப்பரேட் உலகத்திலிருந்து வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், இதன் வேர் சமூகப் பணியில் இருக்கிறது.

1946-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ பிரிட்டன் என்ற ஊரில் ஒரு பயிலரங்கு நடந்தது. இன, மதப் பாகுபாட்டைக் குறைக்கும் வேலையில் இருந்த ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள் போன்றவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். அழைத்தது மாநிலத்தின் இன நல்லுறவு ஆணையம். நடத்தியது கர்ட் லெவின் என்ற உளவியலாளரின் குழு. ஜெர்மனியில் பிறந்த யூதர் அவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அமெரிக்காவுக்கு வந்துவிட்டவர்.

பகலில் பயிற்சி. இரவில் ஆய்வாளர்கள் மட்டும் கூடி, இன்று யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று குறிப்புகளைப் பேசுவார்கள். ஒருநாள், பயிற்சிக்கு வந்த சிலர், ‘நாங்களும் உட்காரலாமா?’ என்று கேட்டார்கள். லெவின் சரி என்றார். தன்னைப் பற்றி ஆய்வாளர் வாசித்த குறிப்பைக் கேட்ட ஒரு பெண், ‘இல்லை, அப்படி நடக்கவில்லை’ என்று மறுத்தார். பெரிய விவாதமாகிவிட்டது. அடுத்தடுத்த இரவுகளில் கூட்டம் சேர்ந்தது. பகலில் நடந்த பாடத்தைவிட, ‘நாம் எப்படி நடந்துகொள்கிறோம்’ என்று சம்பந்தப்பட்டவர்களே உட்கார்ந்து பேசியதில் அதிகம் கற்றுக்கொண்டார்கள். 1947 பிப்ரவரியில் லெவின் இறந்துவிட்டார். அதே ஆண்டு கோடையில் அவருடைய சகாக்கள் மெய்ன் மாநிலத்தின் பெத்தேல் என்ற சிற்றூரில் இதை ஒரு முறையாகவே வளர்த்தார்கள். வழக்கமான இடத்தை விட்டு விலகிப்போய் உட்கார்வது என்ற ஏற்பாடு பரவியது அங்கிருந்துதான். கம்பெனிகள் எடுத்துக்கொண்டது பிறகு.

அந்த இரவில் நடந்ததைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். குறிப்பெடுத்தவர்களின் ரகசியக் கூட்டம் எல்லோருக்கும் திறந்தது. தன்னைப் பற்றிய முடிவை ஒருவர் நேருக்கு நேர் மறுத்தார். மறுத்தவருக்கு எதுவும் ஆகவில்லை. இன்றைய ரிட்ரீட்களில் பெரும்பாலும் காணாமல் போவது இந்த மூன்றும்தான். டி-ஷர்ட் மட்டும் தப்பிவிட்டது.

‘அக்கா’ சொன்னால் மறுக்க முடியுமா?

தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் இயக்குநரை ‘மேடம்’ என்று கூப்பிடுவதில்லை. ‘அக்கா’தான். ஆணாக இருந்தால் ‘அண்ணா’, வயதானவர் என்றால் ‘அம்மா’ அல்லது ‘ஐயா’. 22 வயதுக் களப்பணியாளர் எல்லோருக்கும் ‘தம்பி’ அல்லது ‘பாப்பா’. வெளியாள் பார்த்தால், பதவி வித்தியாசமே இல்லாத இடம்போலத் தெரியும். ‘நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்’ என்று பெருமையாகவும் சொல்வார்கள். அதில் உண்மையான பாசமும் உண்டு.

ஆனால், ‘சார்’ சொன்னதை மறுப்பதற்குக் குறைந்தபட்சம் ஒரு விதிமுறை இருக்கும், ஹெச்.ஆர். இருப்பார். ‘அக்கா’ சொன்னதை எப்படி மறுப்பது? மறுத்தால் அது கருத்து வேறுபாடாகத் தெரியாது, நன்றி கெட்டத்தனமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் வைத்தால் ஈட்டு விடுப்பு கேட்க வாய் வராது. வீட்டில் யாராவது லீவு கேட்பார்களா? ‘பாப்பா’ என்று அழைக்கப்படும் ஒருவர், பட்ஜெட்டில் ஒரு கணக்கு இடிக்கிறது என்று சொன்னால், ‘உனக்கு ஏன்மா இதெல்லாம்’ என்ற பதில் வரும். இளைஞர்களின் தலைமைப் பண்பை வளர்ப்பதுதான் அந்த அமைப்பின் நோக்கம் என்று நுழைவாயில் பலகையிலேயே எழுதியிருக்கும்.

அமைப்பின் பயிற்சியில் வளர்ந்து, அதே அமைப்பில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களின் நிலை இன்னும் சிக்கல். அவர்கள் ஒரே நேரத்தில் ஊழியர், பயனாளி, அமைப்பின் வெற்றிக்கதை. நிதி தருபவர் வரும்போதெல்லாம் எழுந்து நின்று தன் கதையைச் சொல்ல வேண்டிய ஆள், சம்பளம் போதவில்லை என்று எங்கே போய்ச் சொல்வார்?

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினை இல்லை. அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970-களின் தொடக்கத்திலேயே இதை எழுதினார். தலைவரே இல்லை, விதியே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் பெண்கள் குழுக்களிலும் அதிகாரம் இருக்கத்தான் செய்கிறது. எழுதி வைக்காததால் அது நெருங்கிய தோழிகள் வட்டத்தின் கைக்குப் போகிறது. மற்றவர்களுக்கு விதி என்னவென்றே தெரியாததால் அதைக் கேள்வி கேட்கவும் முடிவதில்லை என்பது அவருடைய வாதம். 50 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கட்டுரை தொண்டு நிறுவன வட்டாரங்களில் சுற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

உலக அளவில் மனித உரிமை பேசும் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலே இந்தக் கேள்வியைச் சந்தித்தது. 2018-ல் ஊழியர் ஒருவரின் தற்கொலையை அடுத்து, அந்த அமைப்பே வெளியாட்களைக் கொண்டு ஊழியர் நலன் குறித்து ஓர் ஆய்வு செய்யச் சொன்னது. 2019-ல் வந்த அறிக்கை, ‘நச்சுத்தன்மை கொண்ட பணிச்சூழல்’ என்று சொல்லும் அளவுக்குக் கடுமையாக இருந்தது. சித்திரவதை, படுகொலை பற்றிய விவரங்களைத் தினமும் படிப்பதுதான் ஊழியர்களை உடைத்திருக்கும் என்று எதிர்பார்ப்போம். அதன் பாதிப்பும் இருந்தது. ஆனால், பெரும்பாலான பிரச்சினைகளுக்கு வேராக அறிக்கை காட்டியது நிர்வாகக் கோளாறுகளையும் உள்ளே இருந்த கலாசாரத்தையும்.

யார் வர முடியும், யார் வர முடியாது?

ரிட்ரீட்டின் முதல் பாகுபாடு, ஹாலுக்கு வெளியே, பஸ் கிளம்பும் முன்பே நடந்துவிடுகிறது.

மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடங்கள். அதே வேலையைச் செய்யும் ஆண்களுக்கு 88 நிமிடங்கள். பெண்களுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம், ஆண்களுக்கு ஒன்றரை மணி நேரம். ஆக, ‘இரண்டு ராத்திரி தங்கல்’ என்ற ஒரே அறிவிப்பு, ஆண் ஊழியருக்கு ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது. பெண் ஊழியருக்கு மாமியாரிடம் பேசி, குழந்தையை யாரிடம் விடுவது என்று முடிவு செய்து, இரண்டு நாளுக்கு மாவு அரைத்து வைத்துவிட்டுக் கிளம்புவது. கல்யாணம் ஆகாத பெண் என்றால், ‘ஆம்பளைங்களும் வர்றாங்களா?’ என்ற கேள்வி தனி.

இதையெல்லாம் யோசிக்கும் ஃபெசிலிடேட்டர், தேதி முடிவாகும் முன்பே கேட்பார்: கைக்குழந்தை உள்ளவர்கள் குழந்தையையும் துணைக்கு ஒருவரையும் கூட்டிவர அமைப்பு செலவு செய்யுமா? அறையை யார் யாரோடு பகிர்வது என்பதை அவரவரிடம் கேட்டு முடிவு செய்தார்களா? திருநங்கை, திருநம்பி ஊழியர்களை அவர்களைக் கேட்காமல் ஏதோ ஓர் அறையில் போட்டுவிடவில்லையே? மாதவிடாய் நாளில் இருப்பவர் மலையேற்ற விளையாட்டில் ‘சேராமல் நிற்க’ காரணம் சொல்ல வேண்டியிருக்குமா? ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பும் பஸ், களப்பணியாளரின் கிராமத்துக்குக் கடைசி டவுன் பஸ் போய்விட்ட பிறகு ஊர் வந்து சேருமா?

ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதெல்லாம் சில்லறை விவரம். விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கப்போகிறவருக்கு அப்படி இல்லை.

ஹாலுக்குள் என்ன நடக்க வேண்டும்?

உண்மையில் வேலை இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்குகிறது. ஒவ்வொருவரிடமும் 20 நிமிடம் தனியாகப் பேசாமல் ஹாலுக்குள் நுழையும் ஃபெசிலிடேட்டர், கண்ணைக் கட்டிக்கொண்டு நுழைகிறார் என்று அர்த்தம். அந்தப் பேச்சில் டிரைவரும் அக்கவுண்டன்ட்டும் விடுபடக் கூடாது. யார் யாரோடு பேசுவதில்லை, யார் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள், எந்த விஷயத்தை எல்லோரும் டீக்கடையில் பேசி மீட்டிங்கில் பேசுவதில்லை என்பது அங்கேதான் தெரியும்.

இயக்குநரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘இந்த இரண்டு நாளில் எந்த முடிவைக் குழுவின் கையில் விடத் தயாராக இருக்கிறீர்கள்?’ களப்பயண அட்டவணையா, விடுப்பு விதியா, அடுத்த ஆண்டு எந்தக் கிராமத்தில் வேலை செய்வது என்பதா? ஏதாவது ஒன்று உருப்படியாக வர வேண்டும். ‘சும்மா எல்லாரையும் கொஞ்சம் மோட்டிவேட் பண்ணிவிடுங்க’ என்பது மட்டுமே பதில் என்றால், அது சுற்றுலா. சுற்றுலா போவதில் தப்பில்லை. அதை ரிட்ரீட் என்று சொல்லி, ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்று கேட்டு, பேசியதை ஃபைலில் போட்டு மூடுவதுதான் தப்பு. அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஹாலில் முதல் எதிரி, நேரம். 18 பேர், 90 நிமிட அமர்வு. சரிசமமாகப் பிரித்தால் ஆளுக்கு 5 நிமிடம். இயக்குநர் ‘ஒரு சின்ன அறிமுகம்’ என்று 40 நிமிடம் எடுத்துக்கொண்டால், மீதி 17 பேருக்கும் ஆளுக்கு 3 நிமிடம்கூட வராது. அதோடு, அவர் ஒரு கருத்தைச் சொன்ன பிறகு எதிர்க்கருத்து வருவதும் நின்றுவிடும். அதனால் முதலில் எல்லோரும் பேசாமல் ஐந்து நிமிடம் ஒரு தாளில் எழுதுவது, பிறகு இருவர் இருவராகப் பேசுவது, பிறகுதான் பெரிய வட்டம், அதில் தலைவர் கடைசியில் பேசுவது என்று வரிசையை மாற்றுகிறார்கள். எழுதத் தயங்குபவர் படம் வரையலாம், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். எப்போதும் மினிட்ஸ் எழுதும் பெண்ணின் கையிலிருந்து நோட்டை வாங்கி மேனேஜரிடம் கொடுப்பதும் இதில் சேர்த்தி. சின்ன மாற்றம்தான், ஆனால் அந்தப் பெண் முதல்முறையாகக் கூட்டத்தில் முழுசாகக் கலந்துகொள்வார்.

மொழியும் கவனிக்க வேண்டிய ஒன்று. சார்ட் பேப்பரில் ‘இம்பாக்ட்’, ‘அவுட்கம்’ என்று ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய நிமிடத்தில், பத்து வருடம் களத்தில் இருந்தவர் பின்வரிசைக்குப் போய்விடுவார்.

‘ஓப்பன் ஸ்பேஸ்’ என்ற முறையையும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர், தான் ஏற்பாடு செய்த ஒரு மாநாட்டில் காபி இடைவேளையில் நடந்த பேச்சுதான் உருப்படியாக இருந்தது என்பதைக் கண்டு, 1985-ல் தொடங்கியது இது. நிகழ்ச்சி நிரல் காலியாக இருக்கும். வந்தவர்களே தலைப்பைச் சுவரில் ஒட்டுவார்கள், விருப்பப்பட்ட குழுவில் போய் உட்காரலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். இளைஞர் குழுக்களுக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. ஒரே சிக்கல், ‘சம்பளம்’ என்று தலைப்பு ஒட்டும் தைரியம் யாருக்கும் வராது. அதைப் பெயரில்லாத சீட்டில் எழுதி வாங்கி, ஃபெசிலிடேட்டரே ஒட்ட வேண்டும்.

தவிர்க்க வேண்டிய விளையாட்டும் ஒன்று இருக்கிறது. எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, ‘சின்ன வயதில் உங்கள் வீட்டில் கழிப்பறை இருந்தவர்கள் ஓர் அடி முன்னால் வாருங்கள், சாதி பெயரைச் சொல்லித் திட்டு வாங்கியவர்கள் ஓர் அடி பின்னால் போங்கள்’ என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கடைசியில் யார் எங்கே நிற்கிறார்கள் பாருங்கள், இதுதான் சமத்துவமின்மை என்று பாடம். பின்னால் தனியாக நிற்பவர் பெரும்பாலும் ஒரு தலித் பெண் களப்பணியாளராக இருப்பார். அவர் என்ன கற்றுக்கொண்டார்? தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை, மற்றவர்கள் பார்க்க, இன்னொரு முறை. விவரம் தெரிந்தவர்கள், கற்பனைப் பாத்திரங்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அந்தப் பாத்திரமாக நடக்கச் சொல்கிறார்கள். பாடம் அதேதான், யாருடைய காயமும் கண்காட்சி ஆவதில்லை.

சட்டம் மலையேறி வருமா?

வரும். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தமாக ஊழியர் போகும் எந்த இடத்தையும், நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியையும் பணியிடமாகவே கருதுகிறது. ரிட்ரீட் நடக்கும் ரிசார்ட், போகும் பஸ், இரவு கேம்ப்ஃபயர் எல்லாம் இதில் அடங்கும். சம்பளம் வாங்காத தன்னார்வலருக்கும் பயிற்சியில் இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவான அமைப்பின் ஊழியர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். பல இடங்களில் அந்தக் குழுக்கள் முறையாகச் செயல்படாததால், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கெடு வைக்க வேண்டியிருந்தது.

இந்தச் சட்டத்தின் கதையே ஒரு களப்பணியாளரிடம்தான் தொடங்குகிறது. ராஜஸ்தான் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ என்ற கிராமப் பணியாளராக இருந்தவர் பன்வாரி தேவி. ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அவருடைய வேலை. 1992-ல் அவர் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். 1995-ல் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை வல்லுறவுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்த வல்லுறவுச் சம்பவத்தை அடுத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்திருந்த வழக்கில்தான், 1997-ல் உச்ச நீதிமன்றம் ‘விசாகா’ வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. 2013 சட்டம் அதன் தொடர்ச்சி. ஆக, பெண்கள் மேம்பாட்டுக் களத்தில் வேலை செய்தவரின் பாதுகாப்பு பற்றிய கேள்வியிலிருந்து பிறந்த சட்டம், அதே களத்தில் இருக்கும் அமைப்புகளில் காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன சொல்வது?

இன்னொன்று. ‘இங்கே பேசுவது இந்த ஹாலை விட்டு வெளியே போகாது’ என்று ஃபெசிலிடேட்டர்கள் சொல்வது வழக்கம். இளைஞர் அமைப்புகளில் அதை அப்படியே சொல்ல முடியாது. 18 வயதுக்குக் கீழ் உள்ள ஒருவருக்குப் பாலியல் வன்முறை நடந்தது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தகவல் சொல்வது கட்டாயம். சொல்லாமல் விட்டால் தண்டனை உண்டு. வாக்குறுதி கொடுத்துவிட்டுப் பிறகு அதை மீறுவதைவிட, எது ரகசியம், எது ரகசியமில்லை என்று முதல் அமர்விலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. துன்புறுத்தல் புகார் எழுந்தால், அதை வட்டத்தில் வைத்துப் ‘பேசித் தீர்க்கும்’ வேலையும் கூடாது. உள்ளகக் குழுவின் வேலை அது.

திரும்பி வந்த பிறகு?

கடைசி நாள் மதியம், எல்லோரும் போட்டோ எடுக்கத் தயாராகும் நேரத்தில்தான் முடிவுகளை எழுதுவார்கள். அதனாலேயே அவை மங்கலாக இருக்கும். ‘தகவல் தொடர்பை மேம்படுத்துவோம்’ என்று 14 தீர்மானம் போடுவதைவிட, ‘மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மீட்டிங் கிடையாது, ஜூன் முதல்’ என்று ஒன்று போடுவது மேல். ஒவ்வொரு முடிவுக்கும் ஓர் ஆள், ஒரு தேதி. நிதி இல்லை, முடியாது என்றால், அதையும் இயக்குநர் அங்கேயே கணக்கைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். ‘பார்க்கலாம்’ என்ற பதிலை அலுவலகம் வந்ததும் ‘இல்லை’ என்று மாற்றுவதைவிட அது மரியாதை.

இவ்வளவுக்கும் மலைவாசஸ்தலம் வேண்டும் என்பதில்லை. கையில் பணம் இல்லாத சின்ன அமைப்புகள், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ திருமண மண்டபத்திலோ காலை பத்து முதல் மாலை நாலு வரை, வாரத்துக்கு ஒரு நாளாக மூன்று வாரம் நடத்தலாம். இரவுத் தங்கல் இல்லாததால் வீட்டில் அனுமதி கேட்கும் தொல்லை குறையும். மாத மதிப்பூதியத்தில் வேலை செய்யும் கிராமத் தன்னார்வலர்களுக்கு அந்த மூன்று நாளும் வேறு கூலி வேலை போய்விடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பஸ் காசையும் அந்த நாள் கூலியையும், பில் கொடுத்தபின் அடுத்த மாதம் என்று இழுக்காமல், வந்த அன்றே கையில் கொடுத்துவிட வேண்டும்.